படி இல்லாத வீடு

“சும்மா கொடுத்தாலும் இந்த வீடு எனக்கு வேண்டாம்” என்றாள் மனைவி, சத்தமாகவே.

“வாசல்ல ஒரு படிகூட இல்ல. பெரிய மழை வந்தா தண்ணி நேரா நடு ஹாலுக்கு வந்துடும்” என்று கணவன் ஒத்து ஊதினான்.

குளியலறைக் கதவு லாரி ஷெட் கதவு மாதிரி இருக்கிறது என்றாள் அவள். சுவிட்சுகள் எல்லாம் இடுப்பு உயரத்தில் இருந்தன. “கட்டினவருக்கு அளக்க டேப்பே கிடைக்கலையா?” என்றான் அவன்.

புரோக்கரின் முகம் தொங்கிப்போனது. ஹால் மூலையில் இருந்த கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

தெருமுனையில் நிறுத்தியிருந்த காரில் ஏறியதும் அவள் அவன் கையைப் பிடித்து அழுத்தினாள். முப்பத்தோரு வீடுகள் ஏறி இறங்கிய பிறகு கிடைத்த வீடு.

“படி இருக்காப்பா?” என்றாள் பின்சீட்டில் இருந்த மகள்.

“ஒண்ணுகூட இல்லடா. நீயே தள்ளிக்கிட்டு உள்ள போயிடலாம்.”

டிக்கியில் அவளுடைய சக்கர நாற்காலி மடங்கிக் கிடந்தது. இப்போது குடியிருக்கும் மூன்றாம் மாடி வீட்டுக்குத் தினமும் அவளைச் சுமந்து ஏறுகிறவன் அவன்தான். இனிமேல் சுமந்தால் நீங்கள் படுத்த படுக்கைதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

வெளியூரில் இருக்கும் வீட்டுக்காரர், வருகிறவர்கள் பேசுவதைக் கேமரா வழியாகக் கேட்பார் என்று புரோக்கர் முன்பே வாய் தவறிச் சொல்லியிருந்தார். ஆசை தெரிந்தால் விலை ஏறிவிடும். அதனால் மகளைப் பற்றி புரோக்கரிடம்கூட அவர்கள் மூச்சு விடவில்லை.

மறுநாள் பேரம் பேச மனைவியே புரோக்கருக்குப் போன் செய்தாள்.

“முடிஞ்சிடுச்சும்மா. காலைல ஓனர் பில்டருக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டாரு. திங்கக்கிழமை இடிக்கிறாங்க.”

அப்படி என்ன அவசரம் என்று கேட்டாள்.

“நேத்து நீங்க பேசினதக் கேட்டு மனசு விட்டுப் போச்சாம். அவர் சம்சாரம் கடைசிவரைக்கும் வீல்சேர்லதான் இருந்தாங்களாம். அவங்களுக்காகத்தான் படியே வைக்காம கட்டியிருக்காரு. அந்த மாதிரி ஒருத்தர் இருக்கிற குடும்பத்துக்குத்தான் கொடுக்கணும்னு, பில்டரை இத்தனை நாள் தள்ளி வெச்சிருந்திருக்காரு.”

“இதை ஏன் முன்னாடியே சொல்லல?”

“எனக்கே இன்னைக்குத்தாம்மா தெரியும். வெளிய சொன்னா ஆளாளுக்குப் பொய் சொல்லிட்டு வருவாங்களாம். அதான் கேமராவுல காதை வெச்சுக்கிட்டுக் காத்திருந்திருக்காரு.”

உள் அறையிலிருந்து சக்கரம் உருளும் சத்தம் நெருங்கி வந்தது.

“விடுங்கம்மா” என்றார் புரோக்கர் ஆறுதலாக. “உங்க வீட்லதான் அப்படி யாரும் இல்லையே.”