மெதுவாக ஓடிய மெஷின்

பிப்ரவரி 12, புதன்கிழமை, கோவை சரவணம்பட்டியில் ஓர் அலுவலகத்தில், பெனசீர் எழுதிய பில்லிங் புரோகிராம் குருபரன் எழுதியதைவிட மெதுவாக ஓடியது. வெள்ளிக்கிழமை வாடிக்கையாளர் இந்த இரண்டு புரோகிராம்களில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். தோற்றவர் ஹைதராபாத் கிளைக்குப் போகவேண்டும். ஒரே பெரிய சர்வரை இரண்டு விர்ச்சுவல் மெஷின்களாகப் பிரித்து, ஒன்றைத் தனக்கு வைத்துக்கொண்டு மற்றதை அவளுக்குக் கொடுத்திருந்தவன் குருபரன்.

எந்த வரி நேரத்தைத் தின்கிறது என்று அளக்கும் கருவியை பெனசீர் ஓடவிட்டாள். ஒவ்வொரு முறையும் அது வேறொரு வரியைக் காட்டியது. காட்டியதையெல்லாம் திருத்தினாள்.

"இத்தனை லூப்பு போட்டா மாட்டு வண்டி மாதிரித்தான் ஓடும் அம்மணி" என்று குருபரன் சிரித்தான். பக்கத்தில் உட்கார்ந்து தானும் சில வரிகளைத் திருத்திக் கொடுத்தான்.

வெள்ளி காலை அவனுடைய புரோகிராம் தேர்வானது. மனம் ஆறாமல் அவள் மறுபடி அளந்தபோதுதான், அதுவரை பார்க்காத ஓர் எண் கண்ணில் பட்டது. அவள் மெஷின் ஓடத் தயாராக இருந்தும் சர்வர் அதைக் காக்கவைத்த நேரம் அது. மொத்த நேரத்தில் பாதிக்கும் மேல்.

சாப்பிடும்போது கேட்டாள். "என் மெஷினோட நேரம் எங்க போச்சு, குரு?"

வழக்கம்போல் அவள் டப்பாவிலிருந்து ஒரு வஞ்சிரத் துண்டை எடுத்தான். "என் மெஷினுக்குப் போச்சு. பாப்பாவ இப்பத்தான் ஸ்கூல்ல சேத்தேன், என்னால ஊர விட்டுப் போக முடியாது."

"அப்புறம் எதுக்குக் கூட உக்காந்து திருத்துன?"

அவன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தான்.

மாலையில் சர்வரைச் சமமாகப் பிரித்துவிட்டான். பெனசீரின் புரோகிராம் அவனுடையதைவிட வேகமாக ஓடியது. அதற்குள் அவளுக்கு ஹைதராபாத் டிக்கெட் போட்டிருந்தார்கள்.