தலைகீழாய் நின்ற ழ

கையால் அச்சுக்கோத்துப் புத்தகம் செய்யும் சவரிராயன் சற்று அசந்த நேரத்தில், ழ என்ற ஈய எழுத்து தலைகீழாக நின்றுவிட்டது. ஐம்பது பிரதிகளும் அப்படியே அச்சாகிவிட்டன. கண்காட்சி மேசையில் புத்தகத்தின் பக்கத்திலேயே எழுத்துகளையும் பரப்பி வைத்திருந்தார்கள்.

“இன்றைக்கு என் மானம் போகப்போகிறது. என்னை உருக்கிவிடுவார்கள்” என்றது ழ.

வந்தவர்கள் தாளைத் தடவினார்கள், முகர்ந்தார்கள், கண்ணை மூடி ரசித்தார்கள். கடைசியாக வந்த விமர்சகர் புத்தகத்தில் தலைகீழாய் அச்சான அந்த எழுத்தின் மேலேயே சரியாக விரலை வைத்தார்.

“அற்புதம். தாள் எங்கே வாங்கினீர்கள்?” என்று கேட்டார் விமர்சகர்.

“தப்பித்தாய்” என்றது பக்கத்தில் கிடந்த ன.

ழ, “அப்படியானால் இருபது வருஷமாக நான் நேராக நின்றது யாருக்காக?” என்றது.