இரண்டு லட்சம் டொலர் மாப்பிள்ளை

"பஸ் ஓட்டுற மாப்பிள்ளை வேண்டாம். இந்த வீட்டில நான் ஓட்டினது காணும்" என்று வந்த சம்பந்தங்களைத் தட்டிக்கழித்த பஸ் சாரதி பத்திநாதர், மகள் றொசானா விரும்புவது போக்கர் சீட்டாட்டச் சாம்பியன் ஜெனாட்டை என்றதும் பூரித்துப் போனார். ஒரே போட்டியில் இரண்டு லட்சம் டொலர் வென்றவன்!

பெண் கேட்டு வில்லரே பகுதியில் இருந்த அவர் வீட்டுக்கு வந்த ஜெனாட், தேநீரைக் குடித்துவிட்டுத் தயங்கினான்.

"மாமா, உங்கட பஸ் வேலைக்கு ஆள் எடுக்கினமோ?"

"ஆருக்குத் தம்பி?"

"எனக்குத்தான்."

"அப்ப அந்த ரெண்டு லட்சம்?"

"காசு போட்டு விளையாட விட்டவையின்ர பங்கு, தோத்த போட்டியளின்ர கட்டணம், பிளேன், ஹோட்டல் எல்லாம் போக, உங்கட வருஷச் சம்பளத்தில பாதியும் மிஞ்சேல்லை மாமா."

பத்திநாதர் திகைத்துப்போய் மகளைப் பார்த்தார்.

"நான்தான் கேக்கச் சொன்னனான் அப்பா. உங்களை மாதிரி ஒழுங்கான சம்பளக்காரன்தான் எனக்கு வேணும்" என்றாள் றொசானா.