வாசல்வரை வந்த நிதி

“உங்க நிதி எங்களுக்கு வேண்டாமுங்க சார். காப்பியைக் குடிச்சுட்டுக் கிளம்புங்க” என்றாள் சிவசக்தி.

அடுக்களையிலிருந்து காப்பியோடு வந்த ராணி அப்படியே நின்றுவிட்டாள். அதற்கு முன்னால் பேசியது எதுவும் அவள் காதில் விழவில்லை.

சென்னையிலிருந்து வந்திருந்த அறக்கட்டளை அதிகாரி தேவசிகாமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“மேடம், உங்களை மாதிரி சின்ன அமைப்புகள் எந்தக் கஷ்டம் வந்தாலும் சாயாம நிக்கணும்னுதான் இந்த நிதியே. மூணு வருஷத்துக்குக் கவலை இல்லை. கொஞ்சம் யோசிங்க.”

“யோசிச்சுத்தானுங்க சொல்றேன். சாயறதா இருந்தாலும் நின்னுக்கிட்டே சாயறோம். மண்டி போட்டுப் பொழைக்க வேண்டாம்.”

அவர் காப்பியைத் தொடவில்லை. ஜீப் எஸ்டேட் வளைவில் மறைகிறவரை பொறுத்திருந்த ராணி வெடித்தாள்.

“ஏனுங்கக்கா, உங்களுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா? அடி தாங்காம ஓடி வர்ற பொம்பளைகளுக்கு இந்தக் கொட்டச்சேட்டு மலையூருல நம்ம சங்கத்தை விட்டா ஒதுங்க இடமேது? கட்டடத்துக்காரரு ஹோம் ஸ்டே ஆக்கப்போறேன், காலி பண்ணுங்கன்னு நிக்கிறாரு. வாசல்வரை வந்த நிதியைத் தொரத்தி உடறீங்க.”

“அவங்க கேக்கறது நமக்குச் சரிப்படாது கண்ணு.”

“அப்படி என்னதான் கேட்டாங்க?”

“சரிப்படாததைக் கேட்டாங்க. விடு.”

“உங்களுக்குக் கௌரவம்க்கா. யாருகிட்டயும் குனியக் கூடாது. அதுக்குச் சங்கமே போனாலும் பரவால்ல.”

சிவசக்தி ஆறிப்போன காப்பியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலை சங்கக் கூட்டத்திலும் ராணிதான் முதலில் எழுந்தாள்.

“அக்காவால முடியலைன்னா தலைவி பொறுப்பை விட்டுறட்டும். நாம போய் அந்த சார்கிட்டப் பேசலாம்.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சசிகலா ஆமாம் என்றாள். இன்னும் நாலைந்து பேர் தலையாட்டினார்கள். ஒருத்தி, “உள்ளுக்குள்ள என்ன தகராறோ, யாரு கண்டா” என்று முணுமுணுத்தது எல்லோருக்கும் கேட்டது.

சிவசக்தி அலமாரிச் சாவியை மேஜைமேல் வைத்தாள்.

“பொறுப்பை யாரு வேணா எடுத்துக்குங்க. என்னை என்ன வேணா பேசுங்க. ஆனா அவங்க கேட்டதுக்கு மட்டும் நான் உசுரோட இருக்கிறவரை ஒத்துக்க விடமாட்டேன்.”

“என்ன கேட்டாங்கன்னு சொன்னாத்தானே தெரியும்?” என்றாள் ராணி.

“சொல்லமாட்டேன்.”

இதற்குமேல் பேச என்ன இருக்கிறது என்று ராணிக்கு ஆத்திரமாக வந்தது. கூட்டம் முடிந்த கையோடு பஸ் ஏறினாள். தேவசிகாமணி ஒண்டிக்கடைப் பக்கம் ஒரு லாட்ஜில் தங்கியிருந்தார். ஊருக்குக் கிளம்பப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தவர், இவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

“உட்காருங்கம்மா. நாங்க பெருசா ஒண்ணும் கேட்கலை. நன்கொடை தர்றவங்க பார்க்கிறதுக்கு ஒரு சின்ன வீடியோ. உங்க சங்கத்தால பிழைச்ச ஒரு பெண், பேரைச் சொல்லி, முகத்தைக் காட்டிப் பேசணும். அவ்வளவுதான்.”

ராணிக்குச் சிரிப்பே வந்துவிட்டது. “இதுக்காங்க இத்தனை கூத்து? பேசறதுக்கு எத்தனையோ பேர் இருக்கறாங்க. நான் கூட்டியாறேன்.”

“வேற யாரும் வேண்டாம்மா. எங்க கமிட்டி ஒருத்தரைத் தேர்ந்தெடுத்திருக்கு. இந்தப் பக்கம் விசாரிச்சப்போ ரிட்டயர் ஆன ஏட்டு ஒருத்தர் சொன்னார். எஸ்டேட் லைன் வீட்டுல புருஷன் மண்ணெண்ணெயை ஊத்தினப்போ, கைக்குழந்தையைத் தூக்கிட்டுக் கொட்டற மழையில உங்க சங்கத்துக்கு ஓடி வந்தாங்களாமே, அந்தப் பெண். அவன் ஜெயிலுக்குப் போய் அங்கேயே செத்துப்போனானாம். ஏட்டுக்குப் பேர் ஞாபகமில்லை. உங்க தலைவிகிட்டக் கேட்டா, வாயே திறக்கமாட்டேங்கறாங்க.”

ராணி சேலைத் தலைப்பை இழுத்து இறுக்கிக்கொண்டாள்.

ஒரே ஒரு பேரைச் சொல்லியிருந்தால் காலையில் சிவசக்திமேல் ஒரு பேச்சும் விழுந்திருக்காது.

“அந்தப் பொம்பளை வரமாட்டாங்க சார்” என்று எழுந்தாள்.

“என்னம்மா, இப்பதானே கூட்டிட்டு வர்றேன்னு சொன்னீங்க? நிதி கைவிட்டுப் போயிடும்.”

“போகட்டுமுங்க. கட்டடத்தைக் காலி பண்ணிட்டு என் ஊட்டுக்கு வந்துர்றோம். ரெண்டு ரூம் இருக்குது. சங்கம் அங்க நடக்கும்.”

“அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்காமலே நீங்களா முடிவு பண்றது நியாயமா?”

ராணி கதவைத் திறந்தவள் திரும்பி நின்றாள்.

“கேட்டாச்சுங்க. அந்தக் கைக்குழந்தை இப்போ காலேஜ் போகுது. அப்பன் லாரி மோதிச் செத்துட்டான்னு சொல்லித்தான் நான் அவளை வளர்த்திருக்கேன்.”