தலைவலி மாத்திரை

"அண்ணே, எத்தனை தடவை சொல்றது? இந்தக் கறுப்பு கவர் வேண்டாம்."

மருந்துக் கடைக்காரர் கவருக்குள் பாதி நுழைத்த பாக்கெட்டை வெளியே எடுத்து மேசைமேல் வைத்தார்.

"பழக்கதோஷம் டீச்சர். இதை வாங்க வர்றவங்க வாயைத் திறக்க மாட்டாங்க, கண்ணாலயே கவர் கேப்பாங்க."

"மக்கிப் போற வாழைநார் பேட். அதை மக்காத பிளாஸ்டிக்ல சுத்திக் குடுத்தா என்ன நியாயம்? இது என்ன திருட்டுச் சாமானா?"

"அதுவும் சரிதான்." கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "ஆனா டீச்சர், நீங்க சொன்னீங்கன்னுதான் ஒரு பெட்டி இறக்கினேன். உங்களைத் தவிர ஒருத்தரும் தொடலை. இந்த வாரமும் போகலைன்னா திருப்பி அனுப்பிடுவேன்."

டீச்சருக்குப் பகீரென்றது. மாதாமாதம் பிளாஸ்டிக் பேடால் தோலெல்லாம் புண்ணாகி, தேடி அலைந்து கண்டுபிடித்தது இது. வேறு எந்தக் கடையிலும் கிடையாது.

"போகும் அண்ணே. வகுப்புல எல்லாப் பிள்ளைங்ககிட்டயும் சொல்லியிருக்கேன். கூச்சப்படாம கேட்டு வாங்குங்க, கையிலயே எடுத்துட்டுப் போங்கன்னு."

வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர், விசில் சார். அவர் ரகசியம் பேசினாலே மைதானத்தின் அந்தக் கோடிவரை கேட்கும்.

டீச்சரின் கைப்பை தானாக நகர்ந்து பாக்கெட்டின் மேல் உட்கார்ந்துகொண்டது.

"என்ன டீச்சர், உடம்புக்கு முடியலையா?"

"தலைவலி சார். மாத்திரை வாங்க வந்தேன்."

கடைக்காரர் சிரிப்பை மீசைக்குள் அடக்கினார். கைப்பைக்கு அடியில் கையை விட்டார். கண் மூடித் திறப்பதற்குள் பாக்கெட் கறுப்பு கவருக்குள் போய்விட்டது.

"இந்தாங்க டீச்சர், தலைவலி மாத்திரை."

குட்டித் தலையணை அளவுக்கு இருந்த மாத்திரையை வாங்கிக்கொண்டு டீச்சர் மெல்ல நழுவப் பார்த்தாள்.

விசில் சார் தொண்டையைச் செருமினார். கடையில் நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள்.

"அண்ணே, அந்த வாழைநார் பேட் ரெண்டு பாக்கெட் குடுங்க. என் பொண்ணுக்கு ஒண்ணு, அவ அம்மாவுக்கு ஒண்ணு."

கடைக்காரரின் கை பழக்கத்தில் ஒரு கவரை உருவியது.

"அய்யய்யோ, கவர் வேண்டாம். கையிலயே கொண்டு போறேன். 'கவர்ல மறைச்சு வாங்கிட்டு வந்தீங்கன்னா நாளைக்கு டீச்சர் முகத்துல எப்படிப்பா முழிப்பேன்'னு பொண்ணு சொல்லி அனுப்பியிருக்கா."