கிணற்றுக்கு நல்ல தண்ணீர்

கிடர்பூர் லாரி சர்வீஸ் ஷெட்டில், நிலத்தடி நீரைச் சோதிப்பதற்கென்றே தோண்டிய கிணற்றின் தண்ணீரை ஆய்வாளர் நரேன் முகர்ந்து பார்த்தார். "டீசல் வாடையே இல்லை."

"நான்தான் சொன்னேனே" என்று சிரித்தார் மேனேஜர் மஹாதேவன்.

ஷெட்டின் டீசல் நிலத்தடி நீரில் கலக்கிறது என்று புகார் கொடுத்த பக்கத்து வீட்டு ரஞ்சனா முன்னால் வந்தாள். "அப்ப எங்க அடிபம்புல வர்றது என்ன, பன்னீரா? பசங்க அதைத்தான் குடிக்கறாங்க. நீங்களும் இவர் ஆளா?"

நரேன் தண்ணீரில் இரண்டு சொட்டு மருந்து விட்டார். அது மஞ்சளானது.

"குளோரின். இது பூமியில ஊறாது சார், கார்ப்பரேஷன் குழாய்லதான் வரும். டீசலை மறைக்க இதைக் கிணத்துல யார் ஊத்தினது?"

மஹாதேவனின் சிரிப்பு போய்விட்டது. "நல்ல தண்ணிதானே ஊத்தினோம்."

"கிணத்துக்குக் கிடைச்ச நல்ல தண்ணி எங்க பசங்களுக்குக் கிடைக்கல சார்" என்றாள் ரஞ்சனா.