கரையேறாத ஹானோரா

பஞ்சத்தில் அயர்லாந்திலிருந்து அனாதையாகக் கப்பலேறிய ஹானோரா கில்ஃபாயிலின் வம்சம் நாங்கள். அவள் கல்லறையைத் தேடியே அம்மாவின் பாதி ஆயுள் போனது. நேற்று சிட்னி அருகே, பழைய நோய்த்தடுப்பு முகாமின் இடுகாட்டில் கிடைத்தது. பெயர், ஊர், கப்பல் எல்லாம் பொருந்தின. இறந்த வயது மட்டும் பதினாறு.

"கரையேறுறதுக்குள்ள காய்ச்சல்ல போயிட்டா, பாவம். கல்யாணமே ஆகல," என்றார் காவலாளி.

"அப்ப நாம யாருடி?" என்று அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

திரும்பும் வழியில் பால் வாங்க ஒரு கடை முன் காரை நிறுத்தினோம். அம்மா மட்டும் இறங்கினார். முன்னால் போனவருக்குத் தானாகத் திறந்த கண்ணாடிக் கதவு அம்மாவுக்குத் திறக்கவில்லை. பின்வாங்கி மறுபடி நடந்தார். திறக்கவில்லை.

"இதுக்கும் என்னைப் பிடிக்கல போல. நீ வந்து நில்லுடி."

நான் காரிலிருந்து இறங்கவில்லை.